நாலு படி ராகி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் கையெழுத்து நன்றாக இருக்காது. கோடு போட்ட நோட்டில் எழுதினாலும் எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கி நடக்கும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்க எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்தக் கூச்சத்தால் ஒரு நாள் நடந்ததை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொல்லியிருக்க வேண்டிய ஆளுக்கு நான் கடைசிவரை சொல்லவில்லை.

எங்கள் ஊர் ஓசூருக்குப் பக்கத்தில், சானமாவுக் காட்டுக்கு இந்தப் பக்கம். அப்போது எனக்கு ஒன்பது வயது. இன்றைக்கு ஓசூரில் திரும்பின பக்கமெல்லாம் கம்பெனி. அன்றைக்கு ராகியும் கொள்ளும் அவரையும்தான். ஷிப்ட் வேலை என்றால் எல்லையைத் தாண்டிப் பெங்களூருக்குப் போக வேண்டும். எங்கள் குடும்பத்தில் அப்படிப் போனவர் என் மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. ஒரு பட்டறையில் பிட்டர்.

மாமாவுக்கு வாரத்தில் ஆறு நாள் இரும்பு, ஏழாவது நாள் ஆகாயம். பெங்களூருக்கு வெளியே ஒரு மைதானத்தில் சில பேர் சேர்ந்து என்ஜின் இல்லாத விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கிளைடர் என்பார்கள். மாமா முதலில் வேடிக்கை பார்க்கத்தான் போனார். அப்புறம் இறக்கையின் நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுகிற வேலை கொடுத்தார்கள். அப்புறம் கிழிந்த துணியை ஒட்டுகிற வேலை. இரண்டு வருஷத்தில் அவரையே உள்ளே உட்காரவைத்து மேலே ஏற்றிவிட்டார்கள். ஊருக்கு வந்தால் அவர் தட்டில் களி ஆறிக்கொண்டிருக்கும், அவர் உள்ளங்கையைச் சாய்த்துச் சாய்த்து எனக்கு விமானம் காட்டிக்கொண்டிருப்பார். பருந்து எங்கே வட்டம் போடுகிறதோ அங்கே சூடான காற்று மேலே போகிறது, நாமும் அதற்குள் புகுந்து வட்டம் போட்டால் அது நம்மையும் தூக்கிக்கொண்டு போகும் என்பார்.

"சாப்புடுடா மொதல்ல. பருந்து எங்கயும் போயிடாது" என்பாள் அம்மா.

கதவோரம் நின்று இதையெல்லாம் என்னைவிட உன்னிப்பாகக் கேட்பவள் என் அக்கா. அவளுக்குப் பத்தொன்பது வயது. எங்கள் பக்கத்தில் தாய்மாமனுக்குப் பெண் கொடுப்பது வழக்கம். மாமாவுக்குத்தான் அக்கா என்பது எப்போதோ பேசி வைத்தது. மாமா ஆகாயத்தில் ஏற ஆரம்பித்த பிறகுதான் அப்பா தள்ளிப்போட ஆரம்பித்தார்.

"தரையில நிக்கிறவனுக்குப் பொண்ணு குடுப்பேன். மேல சுத்துறவனுக்குக் குடுத்துட்டு நான் அண்ணாந்து பாத்துக்கிட்டே இருக்கணுமா?" என்று அம்மாவிடம் சத்தம் போடுவார். கல்லாவியிலிருந்து வேறொரு வரனும் வந்திருந்தது. நல்ல நிலம் நீச்சு உள்ள குடும்பம். மாசி முடிவதற்குள் பதில் சொல்கிறேன் என்று அப்பா அவர்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏரிக்கரைக்குக் கீழே எங்கள் களத்தில் ராகிக் கதிரைப் பரப்பி, மாடு கட்டிக் கல் உருளை ஓட்டிக்கொண்டிருந்தோம். ஏரி வற்றிக் கட்டாந்தரையாகக் கிடந்தது. உச்சிவெயில். ஒரு சத்தமும் இல்லாமல் பெரிய நிழல் ஒன்று களத்தின் மேல் ஓடியது. மாடுகள் மிரண்டு உருளையோடு கதிர்ப்போரைச் சுற்றி ஓட, அப்பா மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். நான் அண்ணாந்து பார்த்தேன். வெள்ளையாக, நீளமாக இரண்டு இறக்கை. விசில் அடிப்பதுபோல் ஒரு சன்னமான ஓசை. அது ஏரியின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி, தாழ வந்து, புழுதி கிளப்பிக்கொண்டு தரையில் வழுக்கி நின்று, ஒரு இறக்கையைக் கீழே ஊன்றிக்கொண்டது.

ஊரே ஓடியது. "யானைக்குத் தப்பி ஓடியிருக்கறேன், இது என்ன எழவுன்னே தெரியலயே" என்று பக்கத்துக் காட்டுக்காரர் போரின் மேல் ஏறி நின்று கத்தினார். கண்ணாடி மூடியைத் திறந்துகொண்டு மாமா எழுந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. கூட்டத்தில் அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்து, "அக்கா, சோறு இருக்கா?" என்றார்.

அப்பா கையில் சாட்டையோடு வந்து விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். மாடு வாங்கும்போது சுற்றுவதுபோலவே சுற்றினார்.

"என்ஜின் எங்க?"

"இல்ல மாமா" என்றார் மாமா. அவர் என் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"அது இல்லாம பெங்களூர்லருந்து எப்படி வந்தே?"

"காத்துல வந்தேன்."

"காத்து நின்னுபோனா?"

"எறங்கிடுவேன். இப்ப எறங்கலையா?"

கூட்டம் சிரித்தது. அப்பாவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அவர் அப்போது சொன்னதை என்னால் இன்றும் அப்படியே சொல்ல முடியும். "எறங்கறது என்ன பெரிசு. கல்லை விட்டெறிஞ்சாலும் எறங்கத்தான் செய்யும். எங் கண்ணு முன்னாடி ஏறு. ஏறிச் சுத்திட்டு இதே ஏரியில எறங்கு. ஒரு கீறல் இல்லாம எறங்கினா பொண்ணு உனக்கு. கீறல் பட்டுதுன்னா கல்லாவிக்கு ஆள் அனுப்பிடுவேன். அப்புறம் உங்கக்காளை அழவிட்டுட்டு என் வாசல்ல வந்து நிக்கக் கூடாது."

ஊர் முன்னால் சொன்ன வார்த்தை. மாமா "சரி மாமா" என்றார். அக்கா களத்தில் முறத்தைக் கீழே வைத்தது எனக்குத் தெரிந்தது.

மாமா யாருடைய சைக்கிளையோ வாங்கிக்கொண்டு ஓசூருக்குப் போய்ப் பெங்களூர் நண்பர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு வந்தார். அதுவரை விமானத்தை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. தொடாமல் இருந்தேன் என்று சொன்னால் பொய். திரும்பி வந்ததும் என்னைத் தூக்கி உள்ளே உட்காரவைத்தார். கால்மாட்டில் மிதி, நடுவில் கைப்பிடி, முதுகுக்குப் பின்னால் சுரங்கம்போல் இருட்டு. காலுக்கு முன்னால் ஒரு சின்ன மூட்டை வாரால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"இது என்ன மாமா?"

"மணல். நான் ஒல்லிடா. இந்த வண்டிக்கு என் எடை பத்தாது. அதுக்குத்தான்."

ஏன் பத்தாது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். எடை கூட இருப்பது நல்லது என்ற அளவில் எனக்குப் புரிந்தது. அவ்வளவுதான் புரிந்தது.

மறுநாள் காலை ஒரு ஜீப் வந்தது. மாமாவின் நண்பர்கள் இரண்டு பேர். ஜீப்பை ஓட்டியவர் கன்னடக்காரர், மற்றவர் தமிழர். விமானத்தைப் பிரித்து ஏற்றிக்கொண்டு போக நீளமான ஒரு வண்டியையும் பின்னால் இழுத்து வந்திருந்தார்கள். பிரித்துக்கொண்டு போவதுதான் முறை என்று இருவரும் சொன்னார்கள். மாமா ஒரே ஒரு சுற்று என்று கெஞ்சினார். காரணத்தைச் சொன்னாரோ என்னவோ, கன்னடக்காரர் களத்துப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். விமானத்தை ஜீப்பில் கட்டி இழுத்து ஏற்றுகிற நீளக் கம்பியை அவிழ்க்க ஆரம்பித்தார்கள்.

அதே நேரத்தில் களத்தில் ராகி அளந்துகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. அளக்கும் நேரத்தில் களத்தில் கால் வைத்த யாரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. துணி வெளுக்கிறவர், கொல்லர், வழியோடு போகிறவர், யாராக இருந்தாலும் ஒரு முறமாவது துண்டில் போட்டு அனுப்ப வேண்டும். வாங்காமல் போகிறவருக்கு அது ஆகாது, களத்துக்கும் ஆகாது. அப்பா இதில் ரொம்பக் கண்டிப்பு. தண்ணீர் குடிக்க வந்த ஜீப்காரருக்குக்கூட அவர் தொப்பியை வாங்கி ராகி போட்டுக் கொடுத்தார். அவர் தொப்பியைப் போட்டுக்கொள்ள முடியாமல் கையில் ஏந்திக்கொண்டே போனார்.

மாமா வந்து நின்றபோது மட்டும் அப்பா படியைக் கவிழ்த்து வைத்தார்.

"உனக்கு அப்புறம் அளக்கறேன். மொதல்ல எறங்கு."

"வெறுங்கையோடயா அனுப்பறீங்க? மேல போறவனை?" என்றாள் அம்மா.

"போகட்டும் விடுக்கா" என்று மாமா சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

போருக்குப் பின்னாலிருந்து அக்கா என்னைக் கண்ணால் கூப்பிட்டாள். பழைய சிவப்புச் சேலையில் கிழித்த துணியில் நாலு படி ராகி கட்டி வைத்திருந்தாள். எப்போது அளந்தாள், அப்பா கண்ணில் எப்படிப் படவில்லை என்பது எனக்குத் தெரியாது.

"மாமா கிட்ட குடுத்துட்டு வா. கையில குடுக்கணும். கையில வாங்கினாத்தான் ஆச்சு. அப்பா பாக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று தலையாட்டினேன். மூட்டையைச் சட்டைக்குள் தள்ளி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஏரிக்குள் நடந்தேன். விமானத்தைச் சுற்றி நாற்பது பேர் இருந்தார்கள். மாமா நண்பர்களோடு கம்பி மாட்டும் இடத்தில் குனிந்திருந்தார். பக்கத்திலேயே அப்பா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. நான் நாலைந்து தடவை அந்தக் கூட்டத்தின் ஓரம்வரை போய்த் திரும்பினேன். "என்னடா, வயித்து வலியா?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் எரிந்தது.

விமானத்தின் மூடி திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. மாமாவே ஒரு மூட்டை வைத்திருக்கிறார், இன்னொன்று இருந்தால் என்ன? நுனிக்காலில் எக்கி, உட்காரும் பலகைக்குப் பின்னால் அந்த இருட்டுக்குள், என் கை எட்டிய மட்டும் மூட்டையைத் தள்ளிவிட்டு வந்துவிட்டேன். களத்திலிருந்து அக்கா பார்த்தாள். நான் தலையாட்டினேன். கையில் கொடுத்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம்.

மாமா ஏறி உட்கார்ந்தார். வாரை இழுத்துக் கட்டினார். மணல் மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்தார். கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்தார். மூடுவதற்கு முன் பக்கவாட்டில் திரும்பியவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மாமா, பின்னால் அக்கா கொடுத்த ராகி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒரு நொடி வேலை. வாயைத் திறந்தேன். அப்பா நின்றுகொண்டிருந்தார். நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

"ஹோகோணா?" என்று கேட்டார் ஜீப்காரர், போகலாமா என்று. மாமா கையை உயர்த்தினார்.

ஜீப் தூரத்தில் ஓட ஆரம்பித்தது. கம்பி தரையிலிருந்து எழுந்து விறைத்தது. தமிழ் நண்பர் இறக்கையைப் பிடித்துக்கொண்டு பத்தடி கூடவே ஓடி விட்டுவிட்டார். விமானம் குலுங்கி, வழுக்கி, தரையை விட்டது. ஊர் சத்தம் போட்டது. பட்டம் ஏறுவதுபோல ஏறியது. நானும் கத்தினேன் என்று நினைக்கிறேன்.

திடீரென்று அதன் மூக்கு நிமிர்ந்தது. நிமிர்ந்தது நிற்கவே இல்லை, இன்னும் இன்னும் மேலே பார்த்தது. அடிவயிறு முழுக்க எங்களுக்குத் தெரிந்தது.

"மூக்கு! மூக்கை எறக்கு! விடு, கம்பியை விடு!" என்று நண்பர் தொண்டை கிழியக் கத்தினார். மாமாவுக்கு எங்கே கேட்கும்? கம்பி கழன்று, அறுந்த அரைஞாண்போல் சுருண்டு கீழே விழுந்தது. விமானம் ஆகாயத்தில் அப்படியே நின்றது. அந்த விசில் ஓசை நின்றுவிட்டது. அத்தனை பேர் நிற்கும் இடத்தில் மாட்டுக் கழுத்து மணி ஒன்று மட்டும் கேட்டது.

பிறகு மூக்குக் கவிழ்ந்து விழுந்தது. அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். விழுந்தது பாதியில் நிமிர்ந்து, ஏறி, மறுபடியும் நின்று, மறுபடியும் கவிழ்ந்தது. ஊஞ்சல் ஆடுவதுபோல் ஆடிக்கொண்டே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தாழ வந்தது. களத்துக்கு மேலே போனபோது கண்ணாடிக்குள் மாமாவைப் பார்த்தேன். வாரை அவிழ்த்துவிட்டு, மார்பு முழுவதையும் கைப்பிடியின் மேல் சாய்த்து, தலையை முன்னால் நீட்டிக்கொண்டு, கிட்டத்தட்டப் படுத்திருந்தார். அப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாய் அசைந்தது. "எறங்குடா, எறங்குடா தம்பி" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

ஏரிக்குள் வரவேண்டியது கரைப் பக்கம் போனது. கரைமேல் இருந்த புளியமரத்தில் இடது இறக்கை மாட்டியது. காய்ந்த கூடையை மிதித்தது போன்ற சத்தம். அவ்வளவுதான்.

நாங்கள் ஓடிப் போனபோது மாமா வெளியே ஊர்ந்து வந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ரத்தம். இடது கை முழங்கையில் தப்பான பக்கம் மடங்கியிருந்தது. நண்பர் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டார். மாமா விமானத்தின் வால் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே துணி கிழிந்து, உள்ளே சிவப்பாக ஏதோ தெரிந்தது. பிறகு அப்பாவைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"என் தப்புதான். கைப்பிடியை அதிகமா இழுத்துட்டேன்."

என்னைக் கூப்பிட்டு, "டேய், நீ சின்ன ஆளு. உள்ள பூந்து என் கோட்டு கிடக்குதா பாரு. வேற எது கிடந்தாலும் அதுல சுத்தி எடுத்துக்கிட்டு வா" என்றார். பூந்தேன். கோட்டு இருக்கைக்குக் கீழேயே கிடந்தது. அக்காவின் மூட்டை நான் வைத்த இடத்தில் இல்லை. தவழ்ந்து தவழ்ந்து போனால், வாலின் கடைசி முனையில் போய் அடைத்துக்கொண்டு கிடந்தது. தானாக எப்படி அங்கே போனது என்று ஆச்சரியமாக இருந்தது. கோட்டில் சுற்றி எடுத்து வந்தேன். யாரும் கவனிக்கவில்லை.

மாமாவை ஜீப்பில் ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊர் எல்லைவரை நானும் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு கூடவே போனேன். மாமா கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"யார் குடுத்தா?"

"அக்கா."

"கையில குடுக்கச் சொன்னாளா?"

"ம்."

ஜீப் குலுங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தார். அப்புறம் என் காதைத் தன் வாயருகே இழுத்துக்கொண்டு சொன்னார். "அக்கா கிட்ட போய்ச் சொல்லு. அந்த ராகி கூட இருந்ததாலதான் மாமா பொழைச்சாருன்னு சொல்லு. அப்பா கிட்ட எதுவும் சொல்லாதே."

அப்பா சொன்ன சொல்லை மாற்றவில்லை. கல்லாவிக்கு ஆள் போனது. வைகாசியில் கல்யாணம். மணப்பெண்ணைக் கைபிடித்துப் பந்தலுக்கு அழைத்து வரவேண்டியவர் தாய்மாமன். மாமா வந்தார், இடது கை கட்டுக்குள் இருந்ததால் வலது கையால் அழைத்து வந்தார். அந்த முழங்கை பிறகு நேராகவே இல்லை. அந்தக் கையால் இனி ஓட்ட முடியாது என்றாலும், விமான ஆசையை யார் சொல்லி அவர் விடுவார்? ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக்குப் போய், இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பழைய வேலையையே வாங்கிக்கொண்டார்.

எனக்குப் பதினாறு வயதில் ஒரு நாள், ராகி மூட்டை ஏற்றிய வண்டியை மேட்டில் ஓட்டிக்கொண்டு போனேன். கயிறு தளர்ந்து மூட்டைகள் பின்னால் சரிந்தன. பின்பாரம் இழுத்து நுகத்தடி மேலே எழும்பியது. கழுத்துக் கயிறு இறுகி மாடுகள் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு திணறின. நான் ஓடிப்போய் நுகத்தடியில் மார்பை வைத்துத் தொங்கினேன். தொங்கிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடிக்குள் மாமா படுத்திருந்த விதமும், வால் முனையில் அடைத்துக்கொண்டு கிடந்த மூட்டையும் ஞாபகத்துக்கு வந்தன. வண்டியை மேட்டில் அப்படியே நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கல்லாவி போன பிறகும் அக்கா வருஷம் தவறாமல் களம் அடித்ததும் நாலு படி ராகி கட்டிக் கொடுப்பாள். மாமா கையில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. ஒரு தடவை மாமா ஓசூருக்கு வந்திருந்தபோது பஸ் ஸ்டாண்டிலேயே கொடுத்தேன். கண்டக்டர் மூட்டையைக் கடைசி சீட்டுக்குக் கீழே தள்ளச் சொன்னார். "வேணாங்க, முன்னாடி என் காலடியிலயே இருக்கட்டும்" என்ற மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசினதில்லை.

அக்கா போன ஐப்பசியில் காலமானாள். களத்தில் வாங்கிக்கொண்டு போனதால் ஒரு உயிர் தப்பியது என்று தன் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவள் வீட்டுக் களத்திலிருந்து ஒரு பிச்சைக்காரர்கூட வெறுங்கையோடு போனதில்லை.

ஊர் எல்லையில் அன்றைக்கு ஜீப்பை நிறுத்தி என்னை இறக்கிவிட்டார்கள். மாமா சொன்னதை மறந்துவிடக் கூடாதென்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே ஓடினேன். அக்கா போருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்க அவள் காதில் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். "நீ குடுத்ததாலதான்டா, நீ கையில குடுத்ததாலதான்" என்றாள். நாற்பது பேருக்கு நடுவில் பயப்படாமல் போய் மாமாவின் உயிரைக் காப்பாற்றியவன் நான்தான் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அன்று சாயங்காலம் முழுக்க ஊரைச் சுற்றி வந்தேன்.

எழுதி முடித்தது மாசி மாதம் இருபத்திரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.